எண்ணெய்க் கிணற்றுக்குள் கொத்தவரங்காய்: ஒரு தற்காலிகக் கூழின் வரலாறு

எண்ணெய்க் கிணறு என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது உயரமான இரும்புக் கோபுரமும், பழைய படங்களில் வானத்தைத் தொடும் அளவுக்குப் பீய்ச்சியடிக்கும் கறுப்பு எண்ணெயும்தான். ஆனால் ஒரு கிணற்றைத் தோண்டும் வேலை சில வாரங்களிலோ மாதங்களிலோ முடிந்துவிடும். அதன் பிறகு இருபது, முப்பது வருடங்கள் அதிலிருந்து எண்ணெய் எடுப்பார்கள். அத்தனை வருடங்களில் உள்ளே இருக்கும் குழாய் அரித்துப்போகும், பம்பு பழுதாகும், மணல் வந்து அடைத்துக்கொள்ளும். அப்போதெல்லாம் கிணற்றை நிறுத்தி, குழாயை வெளியே உருவி, பழுது பார்த்து, திரும்பவும் இறக்க வேண்டும். இந்தப் பராமரிப்பு வேலைக்கு அந்தத் துறையில் 'ஒர்க்ஓவர்' என்று பெயர்.

வீட்டில் தண்ணீர்க் குழாய்க்கு வாஷர் மாற்றுவதென்றால் முதலில் என்ன செய்வோம்? மாடித் தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடுவோம். எண்ணெய்க் கிணற்றில் சிக்கலே இங்கேதான். எண்ணெயும் எரிவாயுவும் வருகிற இடம் தரைக்கு இரண்டு, மூன்று கிலோமீட்டர் கீழே இருக்கிறது. அதற்கு இயற்கையாக வால்வு எதுவும் கிடையாது. மேலே இருக்கும் வால்வைக் கழற்றினால்தான் குழாயை உருவ முடியும். அதைக் கழற்றினால் கிணறு திறந்துவிடும்! இந்த முடிச்சை அவிழ்க்க மனிதர்கள் நூறு வருடத்துக்கு மேலாகச் செய்த முயற்சிகளின் கதைதான் இது. அதில் நம்மூர் சமையலறைக் காய் ஒன்றுக்கும் பங்கு இருக்கிறது.

சேறும் மாடும்

கதை அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், பியூமாண்ட் என்ற ஊருக்கு அருகே உள்ள ஸ்பிண்டில்டாப் மேட்டில் ஆரம்பிக்கிறது. 1900ஆம் ஆண்டின் கடைசியில் ஆன்டனி லூக்காஸ் என்ற பொறியாளருக்காக ஹாமில் சகோதரர்கள் அங்கே கிணறு தோண்டிக்கொண்டிருந்தார்கள். கீழே புதைமணல். துளை போடப்போட மணல் சரிந்து மூடிக்கொண்டே இருந்தது. சுத்தமான தண்ணீரை உள்ளே செலுத்திப் பார்த்தார்கள், பலனில்லை. கடைசியில் ஒரு குட்டையில் மாடுகளை ஓட்டி, மண்ணைக் கலக்கி, அந்தச் சேற்றைக் கிணற்றுக்குள் செலுத்தினார்கள் என்று சொல்லப்படுகிறது. சுவரில் சாணி மெழுகியதுபோல் சேறு துளையின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டது. சரிவு நின்றது.

1901 ஜனவரி 10ஆம் தேதி, ஆயிரம் அடிக்குச் சற்று மேலான ஆழத்தில் கிணறு வெடித்துப் பீறிட்டது. நாளுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பீப்பாய் எண்ணெய் என்று கணக்கிட்டார்கள். ஒன்பது நாட்கள் யாராலும் அதை மூட முடியவில்லை. அமெரிக்கா முழுவதும் இதை அதிர்ஷ்டம் என்று கொண்டாடியது. ஆனால் ஒரு விஷயம் வெளிப்பட்டது. துளையைக் காப்பாற்ற சேறு உதவியது, அடியில் இருக்கும் அழுத்தத்தை எதிர்த்து நிற்க அந்தச் சேற்றுக்குப் போதுமான கனம் இல்லை.

கனம்தான் கதவு

தண்ணீர் நிற்கும் உயரம் ஒவ்வொரு பத்து மீட்டர் கூடும்போதும் அடியில் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 2,000 மீட்டர் ஆழக் கிணற்றில் தண்ணீரை நிரப்பினால் அடியில் 200 மடங்கு அழுத்தம். பாறைக்குள் இருக்கும் எண்ணெயின் அழுத்தம் அதைவிடக் குறைவாக இருந்தால், எண்ணெய் மேலே வர முடியாது. மேலே வால்வைக் கழற்றினாலும் ஒன்றும் ஆகாது. அதாவது, அந்தத் தண்ணீர்த் தூணின் கனமே கதவு! இப்படிக் கிணற்றை அடக்குவதைத் தொழிலாளர்கள் கிணற்றைக் 'கொல்வது' என்கிறார்கள். பெயர்தான் பயங்கரம், நோக்கம் அதை உயிரோடு திரும்ப எழுப்புவது.

பாறையின் அழுத்தம் அதிகமாக இருந்தால் தண்ணீர் போதாது, இன்னும் கனமான திரவம் வேண்டும். 1920களில் லூசியானாவில் பி. கே. ஸ்ட்ரௌட் என்பவர் இரும்பு ஆக்சைடு, பேரைட் போன்ற கனமான தாதுப் பொடிகளைச் சேற்றில் கலக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஆனால் பொடி அடியில் படிந்துவிடக் கூடாதே! அதற்கு பென்டோனைட் என்ற களிமண் கைகொடுத்தது. கலக்கும்போது திரவமாக ஓடும், சும்மா விட்டால் தயிர் மாதிரி உறைந்து நிற்கும். கனமான பொடி அதில் தொங்கிக்கொண்டே இருக்கும். கிணற்றுக்குள் கூழ் என்ற எண்ணம் நுழைந்தது இப்படித்தான்.

காப்பாற்றியதே கெடுத்தது

தோண்டுவதற்குச் சேறு அருமையான பொருள். அதே சேற்றைப் பராமரிப்பு வேலைக்கும் பல வருடங்கள் பயன்படுத்தினார்கள். எண்ணெய் தரும் பாறை என்பது ஒரு பெரிய ஸ்பாஞ்சு போல. அதன் நுண்ணிய துளைகள் வழியாகத்தான் எண்ணெய் வருகிறது. சேற்றின் கனம் பாறையின் அழுத்தத்தைவிட அதிகமாக இருப்பதால், சேற்றில் உள்ள களிமண் துகள்கள் அந்தத் துளைகளுக்குள் தள்ளப்பட்டு அடைத்துக்கொண்டன. பழுது பார்ப்பதற்கு முன்பு நன்றாகத் தந்துகொண்டிருந்த கிணறு, பழுது பார்த்த பிறகு குறைவாகத் தர ஆரம்பித்தது! காய்ச்சலுக்கு மருந்து கொடுத்துக் கால் வீங்கிய கதை.

இதைப் 'பாறைச் சேதம்' என்று பொறியாளர்கள் பெயரிட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தச் சேதம் எந்தச் செலவுப் பட்டியலிலும் நேராக வராது. பம்பின் விலை தெரியும், ஆட்களின் கூலி தெரியும். ஆனால் அடுத்த பத்து வருடங்களில் கிடைக்காமல் போகும் எண்ணெய்க்கு யாரும் ரசீது தருவதில்லை. அதனால்தான் இந்த நஷ்டத்தைப் புரிந்துகொள்ளவே தொழிலுக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

ஓடிப்போகும் உப்பு நீர்

அடுத்த யோசனை எளிது. துகள்தான் பிரச்சினை என்றால், துகளே இல்லாத கனமான திரவம் ஒன்று வேண்டும். தண்ணீரில் உப்பைக் கரைத்தால் கனம் கூடும். சாதாரண உப்பு கொஞ்ச தூரம் வரும், கால்சியம் குளோரைடு இன்னும் கொஞ்சம். 1970களில் கால்சியம் புரோமைடு, துத்தநாக புரோமைடு கரைசல்கள் வந்தன. இவற்றால் தண்ணீரைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கனமான, ஆனால் கண்ணாடி போல் தெளிந்த திரவத்தைத் தயாரிக்க முடிந்தது.

ஆனால் இங்கே புதுத் தொல்லை. சேறு பாறையின் வாயை அடைத்துக்கொண்டதால் அங்கேயே நின்றது. தெளிந்த உப்பு நீருக்கு அடைக்கும் குணமே இல்லை. பழைய வயலில் பாறையின் அழுத்தம் 150 என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன 2,000 மீட்டர் தூணின் அழுத்தம் 200. மிச்சம் இருக்கும் 50 என்ன செய்யும்? திரவத்தைப் பாறைக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். ஓட்டைப் பானையில் ஊற்றிய மாதிரி மேலே ஊற்ற ஊற்ற கீழே போய்க்கொண்டிருக்கும்.

இதில் பண நஷ்டம் மட்டும் இல்லை, உயிர் ஆபத்தும் இருக்கிறது. திரவம் பாறைக்குள் போகப்போக கிணற்றில் அதன் மட்டம் இறங்கும். மட்டம் இறங்கினால் தூணின் கனம் குறையும். கனம் ஒரு அளவுக்குக் கீழே போனால், அடக்கி வைத்திருந்த எரிவாயு மேலே ஏற ஆரம்பிக்கும். கதவு தானாகத் திறந்துகொள்ளும். அந்த நேரத்தில் மேலே ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள்.

ஆக, தேவைப்பட்டது என்ன? பாறையின் வாயை வேலை முடியும்வரை மூடியிருக்க வேண்டும். வேலை முடிந்ததும் சுவடு இல்லாமல் போய்விட வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான குணங்கள்!

கூழ் வந்த வழி

இதற்கான விடையின் ஒரு பாதி வேறொரு வேலையிலிருந்து வந்தது. 1947ல் கான்சாஸ் மாநிலத்தின் ஹியூகோடன் எரிவாயு வயலில் ஸ்டானோலிண்ட் நிறுவனம் ஒரு சோதனை செய்தது. பாறையை அழுத்தத்தால் பிளந்து விரிசல் உண்டாக்கும் சோதனை. அதற்கு அவர்கள் பயன்படுத்திய திரவம் என்ன தெரியுமா? நேபாம் சேர்த்துக் கூழாக்கிய பெட்ரோல்! 1942ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் லூயி ஃபீசரின் குழு போருக்காகக் கண்டுபிடித்த அதே நேபாம்தான். கூழை உள்ளே செலுத்திய பிறகு, அதைத் திரும்பத் திரவமாக்க இன்னொரு வேதிப்பொருளையும் செலுத்தினார்கள். அந்தச் சோதனையில் கிணற்றின் உற்பத்தி பெரிதாகக் கூடவில்லை. ஆனால் கூழாக உள்ளே போய், வேலை முடிந்து, நீராக வெளியே வரலாம் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது.

பெட்ரோல் கூழ் தீப்பிடிக்கும். தண்ணீரையே கூழாக்க முடிந்தால்? இங்கேதான் கொத்தவரை வருகிறது.

நாம் பருப்பு உசிலி செய்யும் அதே கொத்தவரைதான் வட இந்தியாவில் 'குவார்' என்று அழைக்கப்படுகிறது. பிஞ்சாக இருக்கும்போது காய்கறி. முற்றவிட்டுக் காய்ந்த விதையை உடைத்தால், உள்ளே வெள்ளையான ஒரு பகுதி இருக்கும். அதை அரைத்தால் வருவது குவார் பசைமாவு. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டாலே கஞ்சி மாதிரி கெட்டியாகிவிடும். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அமெரிக்கக் காகித ஆலைகள் மத்தியதரைக் கடல் நாடுகளின் கேரப் மர விதையிலிருந்து கிடைத்த பசையைப் பயன்படுத்தின. போரில் அந்த வரத்து நின்றதும் மாற்றுத் தேடினார்கள். குவார் கிடைத்தது. காகிதத்திலிருந்து ஐஸ்கிரீமுக்கும், அங்கிருந்து எண்ணெய் வயலுக்கும் போனது. 1960களின் இறுதியில் போரான் உப்புகளைச் சேர்த்து குவார் கரைசலை இன்னும் கெட்டியாக்கும் முறை எண்ணெய்த் தொழிலில் வந்தது.

போரான் உப்பு என்றால் அந்நியப் பொருள் இல்லை, பொற்கொல்லர்கள் பயன்படுத்தும் வெண்காரம் அதில் ஒன்று. குவார் கரைசல் தனியாக இருக்கும்போது நீளமான நூல்கள் தண்ணீரில் மிதப்பது போல. வெண்காரம் சேர்த்தால் நூலுக்கும் நூலுக்கும் முடிச்சு விழுந்து வலையாகிவிடும். கையில் எடுத்தால் ஒரே கட்டியாக வரும். 1976ல் மேட்டல் நிறுவனம் குழந்தைகளுக்கு விற்ற 'ஸ்லைம்' என்ற வழவழப்பு விளையாட்டுப் பொருளும் குவாரை வைத்துச் செய்ததுதான்.

கட்டவும் வேண்டும், கரையவும் வேண்டும்

பராமரிப்பு வேலைக்கு இந்தக் கூழைக் கிணறு முழுக்க நிரப்புவதில்லை. எண்ணெய் வரும் துளைகளுக்கு நேராகச் சிறிய அளவில் மட்டும் வைப்பார்கள். அதற்கு மேலே சாதாரண உப்பு நீர் நிற்கும். இந்தச் சிறு கூழ்ப் பகுதியை ஆங்கிலத்தில் 'பில்' என்கிறார்கள், அதாவது மாத்திரை. கூழ் பாறையின் வாயில் உட்கார்ந்துகொள்ளும். மேலே இருக்கும் உப்பு நீர் பாறைக்குள் ஓடாது. மட்டம் இறங்காது. மேலே வேலை நடக்கும்.

வேலை முடிந்ததும் அதைக் கரைக்க மூன்று வழிகள் உண்டு. ஒன்று அமிலம். வெண்கார முடிச்சு காரத்தன்மை உள்ள கரைசலில்தான் நிற்கும், அமிலம் பட்டால் அவிழ்ந்துவிடும். இரண்டாவது பெர்சல்பேட் போன்ற ஆக்சிஜனேற்றிகள், இவை நூலையே துண்டு துண்டாக வெட்டும். மூன்றாவது என்சைம்கள், நம் வயிற்றில் உணவைச் செரிப்பது போலக் கூழைச் செரித்துவிடும். ஆனால் சாதாரண என்சைம்களுக்குச் சூடு ஆகாது. ஆழமான கிணறுகளின் வெப்பத்தில் அவை செயலிழந்துவிடும். எனவே எந்தக் கிணற்றுக்கு எது என்பதை ஆழம், வெப்பம், வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்பதையெல்லாம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். சீக்கிரம் கரைந்தால் ஆபத்து, கரையாமல் போனால் நஷ்டம்.

குவாருக்கு ஒரு குறை உண்டு. அது கரைந்த பிறகும் விதையின் நார்த் துணுக்குகள் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அது மறுபடியும் பாறையை அடைக்கும். இதனால் ஒர்க்ஓவர் வேலைகளில் ஹைட்ராக்ஸி எத்தில் செல்லுலோஸ் என்ற, மரக்கூழிலிருந்தோ பருத்தியிலிருந்தோ செய்யும் பொருளுக்கு மதிப்பு கூடியது. அது ஏறத்தாழ எச்சமே வைக்காது. குவாரையும் வேதியியல் முறையில் மாற்றி எச்சம் குறைந்த வகைகளைச் செய்தார்கள். சில இடங்களில் சுண்ணாம்புக்கல் பொடியைக் கூழோடு சேர்ப்பார்கள், பின்னால் அமிலம் ஊற்றினால் அதுவும் கரைந்துவிடும். எல்லாவற்றிலும் விதி ஒன்றுதான்: உள்ளே போகும் எதுவும் வெளியே வரத் தெரிந்ததாக இருக்க வேண்டும்.

கூழ் மட்டும் போதாது

இவ்வளவு படித்தபின் கூழ் இருந்தால் கவலை இல்லை என்று தோன்றலாம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1977 ஏப்ரல் 22. வட கடலில் நார்வேயின் எக்கோஃபிஸ்க் வயல், பிராவோ மேடை. பி-14 என்ற கிணற்றில் ஒர்க்ஓவர் நடந்துகொண்டிருந்தது. கனமான சேற்றால் கிணற்றை அடக்கியிருந்தார்கள். உள்ளே ஒரு பாதுகாப்பு வால்வும் இறக்கியிருந்தார்கள், ஆனால் அது சரியாகப் பூட்டப்படவில்லை. மேல் வால்வுத் தொகுதியைக் கழற்றியாயிற்று, வெடிப்புத் தடுப்பானை இன்னும் பொருத்தவில்லை. அந்த இடைவெளியில் கிணறு பீறிட்டது. மேடையில் இருந்த 112 பேரும் உயிர் தப்பினார்கள். ரெட் அடேரின் குழு வந்து ஏப்ரல் 30ஆம் தேதிதான் அடக்க முடிந்தது. அதற்குள் கடலில் கலந்த எண்ணெய் இரண்டு லட்சம் பீப்பாய் வரை இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். விபத்துக்கு மனிதத் தவறுகளே முக்கியக் காரணம் என்று விசாரணை சொன்னது. கிணறு விழித்துக்கொள்ளும் அறிகுறிகள் முன்பே தெரிந்திருந்தன, யாரும் நிறுத்தவில்லை.

நாற்பத்து மூன்று வருடங்களுக்குப் பிறகு நம் நாட்டிலேயே அது போன்ற ஒன்று நடந்தது. 2020 மே 27, அசாம் மாநிலம் தின்சுகியா மாவட்டம் பாக்ஜான். ஆயில் இந்தியா நிறுவனத்தின் 5ஆம் எண் எரிவாயுக் கிணற்றில் ஒர்க்ஓவர் வேலை. வெடிப்புத் தடுப்பானைக் கழற்றிய நிலையில் எரிவாயு பீறிட்டது. ஜூன் 9ஆம் தேதி தீப்பிடித்தது. அந்நிறுவனத்தின் தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கான மக்கள் வீடுகளை விட்டு முகாம்களுக்குப் போனார்கள். அருகில் இருந்த மாகுரி-மோடாபுங் ஏரியின் மீன்களும் பறவைகளும் பாதிக்கப்பட்டன. நவம்பர் 15ஆம் தேதிதான் தீ முழுவதும் அணைந்தது.

இரண்டு விபத்துகளும் தோண்டும்போது நடந்தவை அல்ல, பராமரிக்கும்போது நடந்தவை. கிணற்றில் நிற்கும் திரவம் ஒரு தடுப்பு. அதற்கு மேல் இன்னொரு தடுப்பு எப்போதும் இருக்க வேண்டும், அது வேலை செய்கிறதா என்று சோதித்தும் பார்த்திருக்க வேண்டும். ஒன்றைக் கழற்றும் முன் மற்றொன்று தயாராக இருக்க வேண்டும் என்பது எழுதி வைத்த விதி. அதை மீறுவதற்கு எப்போதும் அவசரம்தான் காரணமாக இருக்கிறது. வேலைக்கான ரிக் எந்திரத்தின் வாடகை நாள் கணக்கில் ஓடும். ஒரு நாளை மிச்சம் பிடித்தால் லாபம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

ஜோத்பூர் சந்தையின் 2012

இந்தக் கதையின் இன்னொரு முனை ராஜஸ்தான் பாலைவனத்தில் இருக்கிறது. உலகின் குவாரில் ஏறத்தாழ 80 சதவீதம் இந்தியாவில் விளைகிறது, அதில் பெரும்பகுதி ராஜஸ்தானில். மழையை நம்பி ஜூலையில் விதைத்து அக்டோபர், நவம்பரில் அறுக்கும் மானாவாரிப் பயிர். காலங்காலமாக மாட்டுத் தீவனம் என்றே அதற்கு மதிப்பு.

அமெரிக்காவில் ஷேல் பாறைகளைப் பிளந்து எரிவாயுவும் எண்ணெயும் எடுக்கும் தொழில் பெருகியபோது எல்லாம் மாறியது. பராமரிப்புக்குத் தேவைப்படும் கூழ் கொஞ்சம்தான், பாறையைப் பிளப்பதற்கு வேண்டியது மலையளவு. 2011ன் தொடக்கத்தில் குவிண்டால் 3,000 ரூபாய்க்குள் இருந்த குவார் விதை, 2012 மார்ச்சில் 30,000 ரூபாயை நெருங்கியது. பசைமாவு குவிண்டால் ஒரு லட்சத்தைத் தொட்டது. முன்பேர வணிகத்தில் ஊகம் எல்லை மீறியதால், பார்வர்டு மார்க்கெட்ஸ் கமிஷன் அந்த மார்ச் மாதமே குவார் முன்பேர வணிகத்தை நிறுத்தியது. 2013 மே மாதம்தான் மீண்டும் அனுமதித்தது.

ஹாலிபர்ட்டன் போன்ற பெரிய நிறுவனத்தின் லாபத்தையே 2012ல் குவார் விலை கடித்தது. தட்டுப்பாடு வரும் என்று பயந்து அதிக விலைக்கு வாங்கி இருப்பு வைத்தார்கள். பிறகு விலை இறங்க, விலையுயர்ந்த சரக்கு கையில் தங்கியது. வணிகவியல் முதலாண்டுப் பாடத்தில் வரும் சரக்கிருப்பு மதிப்பீட்டுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது!

ஆனால் முழு அடியும் விழுந்தது விவசாயிகள் மேல்தான். விலையைப் பார்த்து 2012லும் அடுத்த ஆண்டிலும் பரப்பைக் கூட்டினார்கள். ஆந்திரம், கர்நாடகம் வரை குவார் சாகுபடி பரவியது. இதற்கிடையே அமெரிக்க நிறுவனங்கள் குவார் தேவைப்படாத, செயற்கைப் பாலிமர் கலந்த வழுக்கு நீருக்கு மாறின. 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய் 2015 ஜனவரியில் 50 டாலருக்குக் கீழே இறங்கியது. குவார் விலை பழைய நிலையை நோக்கிச் சரிந்தது. ஹாலிபர்ட்டனுக்கு நஷ்டம் ஒரு காலாண்டு அறிக்கையோடு போயிற்று. உச்ச விலையில் விதை வாங்கி விதைத்தவனுக்கு அது ஒரு வருடத்தின் உழைப்பு.

முடிவாக...

மாடு மிதித்த சேற்றிலிருந்து என்சைம் கரைக்கும் கூழ் வரை வந்த இந்தப் பயணத்தில் ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையின் தீர்வு உண்டாக்கிய பிரச்சினையைத்தான் தீர்த்திருக்கிறது. சேறு சரிவை நிறுத்தியது, பாறையை அடைத்தது. உப்பு நீர் பாறையைக் காத்தது, கிணற்றில் நிற்க மறுத்தது. கூழ் நின்றது, கரைய மறுத்தது. கரைய வைத்தார்கள், அதன் மூலப்பொருளின் விலை ஆடியது.

தொழில்நுட்பம் கூழைக் குறித்த நேரத்தில் கரைய வைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டது. இரண்டாவது தடுப்பைச் சோதிக்காமல் முதல் தடுப்பைக் கழற்றாதே என்று ஒரு மேலாளருக்குச் சொல்ல வேதியியல் தேவையில்லை, செலவானாலும் ஒரு நாள் காத்திருக்கும் மனம் போதும். பாக்ஜானில் விலையாகப் போனது அந்த ஒரு நாளைவிட எத்தனையோ மடங்கு அதிகம்.

அடுத்த முறை தட்டில் கொத்தவரங்காய் பொரியல் விழுந்தால் ஒதுக்கி வைக்காதீர்கள். அதன் உறவுக்காரன் எங்கோ இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், மேலே வேலை செய்பவர்களுக்காக எரிவாயுவைத் தடுத்துக்கொண்டு நிற்கலாம்!